பன்னிரண்டு மில்லிமீட்டர்

நாரின் மருத்துவமனையில் தண்ணீர் வடிக்கும் கருவி
நின்றுபோய் ஒன்பது நாள்.
டோலோன் கணவாயைப் பனி மூடிவிட்டது.
பிஷ்கெக்கிலிருந்து உதிரிபாகம் வரும், வரும் என்று
தொலைபேசி மட்டும் வந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊர்க் கெட்டில்களின் அடியைப் பார்த்திருக்கிறீர்களா?
முட்டை ஓடு மாதிரி வெள்ளையாய்ப் படிந்திருக்கும்.
மலை கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைந்து
குழாய்க்குள் வருகிறது.
தேநீருக்கு ருசி என்பார்கள்.
அகாருக்கு?

நான் கேட்டுக்கொள்ளவில்லை.
மாவை நிறுத்தேன், குழாய்நீரை அளந்தேன்,
கொதிக்க வைத்தேன், நான்கு மில்லிமீட்டர் கனத்தில் ஊற்றினேன்.
உறைந்தபோது
எப்போதும் போலவே இருந்தது,
வெளிறிய மஞ்சள், குமிழி இல்லாமல்.
அவ்வளவு ஒழுங்காக இருந்ததுதான் வினை.

வியாழக்கிழமை ஜோல்தோஷின் புண்ணிலிருந்து பஞ்சு வந்தது.
லாரி ஓட்டுநர். கணவாயில் ரேடியேட்டரைத் திறந்து
முழங்கை வரை வெந்தவர்.
கட்டில் பச்சை கசிந்தது, திராட்சை வாசனை.
பெயர் சொல்ல நுண்ணோக்கி தேவைப்படவில்லை.

தட்டில் பூசினேன். ஜென்டாமைசின் வில்லையை வைத்தேன்.
மறுநாள் காலை
வில்லையைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம்.
அளவுகோல் பன்னிரண்டு என்றது.
"எதிர்க்கிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்,
புருலாய், தெளிவாக, தேதியோடு.

டாக்டர் ஷைலோகான்
பூட்டிய அலமாரியைத் திறந்தார்.
அதில் கோலிஸ்டின் ஆறு குப்பி.
மாவட்டத்துக்கே ஆறு.

ஒவ்வொரு தட்டுத் தொகுதிக்கும் ஒரு சாட்சி வேண்டும்.
குளிர்பெட்டியில் தூங்கும் பழைய கிருமி,
பதில் முன்பே தெரிந்த கிருமி,
பதினேழுக்குக் குறையாது, இருபத்துமூன்றைத் தாண்டாது.
வில்லைகள் குறைவு என்று
அந்த வாரம் அதை எழுப்பவில்லை.
ஞாயிறு இரவு ஏனோ எழுப்பினேன்.

திங்கள்: பன்னிரண்டு.

இத்தனை வருடம் ஒரே பதிலைச் சொன்னவன்
ஓர் இரவில் முரடனாகிவிடுவானா?
உட்கார்ந்துவிட்டேன்.
பொய் சொன்னது கிருமி இல்லை.
அதைப் பேசவைத்த தரை.

கிருமியின் சுவரில் மருந்து ஏற
சில இருக்கைகள் உண்டு.
காலை ஆறு மணி மர்ஷ்ருத்கா வண்டி மாதிரி
கால்சியமும் மெக்னீசியமும்
மடியில் மூட்டையோடு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால்
மருந்து நிறுத்தத்தில் நின்று கையசைக்க வேண்டியதுதான்.
அளவான உப்பு தூளிலேயே இருக்கிறது.
மிச்சத்தை மலை போட்டது.
இல்லை, நான் போட்டேன்.

"வெளியே இவ்வளவு பனி கிடக்கிறதே" என்றாள்
தரை துடைக்கும் பேகிமாய்.
கூரைப் புகைக்கரி படிந்த பனி.
தலையை ஆட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்தேன்.
முற்றத்தில் ஜோல்தோஷின் லாரி.

அவர் மைத்துனர் இருக்கைக்கடியில் தேடி
இரண்டு பாட்டில் கொண்டுவந்தார்:
பேட்டரிக்கு ஊற்றும் வடித்த நீர், உடைக்காத முத்திரை.
கெட்டிலில் ஒரு குவளை கொதித்து வற்றவைத்தேன்.
அடியில் ஒன்றும் ஒட்டவில்லை.

புதன்.
சாட்சிக் கிருமி இருபது.
ஜோல்தோஷுடையது பத்தொன்பது.

வார்டுக்கு நானே நடந்தேன்.
ஷைலோகான் திட்டவில்லை, அது இன்னும் மோசம்.
"எத்தனை குப்பி போயிற்று?" என்று அவரே கேட்டு
அவரே விரலை மடக்கினார். நான்கு.
படுக்கைக்கடியில் சிறுநீர்ப் பையில்
காலைக்குப் போதாத அளவு.

ஜோல்தோஷுக்கு மைத்துனர் கதை சொல்லியிருந்தார்.
"பாட்டிலுக்குக் காசு தருவீர்களா?" என்றார்,
உதடு வெடித்த சிரிப்போடு.
தருகிறேன் என்றேன்.
சிறுநீரகத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
அதை டாக்டர் மாலையில் சொன்னார்.

பதிவேட்டில் பன்னிரண்டை அழிக்கவில்லை.
அடியில் படிக்கும்படி ஒற்றைக் கோடு.
பக்கத்தில் பத்தொன்பது.
காரணம் எழுதும் கட்டம் சின்னது,
இரண்டு சொல்லுக்குத்தான் இடம்.
"தண்ணீர்" என்று எழுதினேன்.
பிறகு அதன் முன்னால்
நெருக்கி, சாய்த்து,
"நான் ஊற்றிய."